அறுபதுக்குப் பிறகு என்ன உடுத்தலாம்? வீட்டிலும் பயணத்திலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 68. தையல் தொழில் செய்பவள் இல்லை, டாக்டரும் இல்லை. என் நைட்டியையும் ஜாக்கெட்டையும் நானே தைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். வலது முட்டியில் உலோக மூட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு ஊரில் இருப்பதால் வருஷத்தில் மூன்று மாதம் பெட்டியும் கையுமாகத்தான் கழிகிறது. சிநேகிதிகளும் தங்கைமாரும் அவ்வப்போது கேட்டவற்றையும், நானே தடுக்கி விழுந்து தெரிந்துகொண்டவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

இந்த வயதில் பளிச்சென்ற நிறம் உடுத்தினால் நன்றாக இருக்குமா?

இருக்கும். "வயசுக்கேற்ற நிறம்" என்று ஒன்றை யார் எழுதி வைத்தார்களோ, எனக்குத் தெரியவில்லை. சாம்பலும் பழுப்பும் பிடித்திருந்தால் தாராளமாக உடுத்துங்கள். பிடிக்காமல், நாலு பேருக்காக உடுத்தவேண்டாம். ஐரிஸ் ஆப்ஃபெல் என்ற அமெரிக்கப் பெண்மணியின் உடைகளையும் நகைகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2005இல் கண்காட்சியாக வைத்தது. அப்போது அவருக்கு 84 வயது. பெரிய வட்டக் கண்ணாடியும், கழுத்து கொள்ளாத மணிமாலைகளும், கிளிப்பச்சையும் சிவப்புமாக 102 வயது வரை இருந்துவிட்டு 2024இல் போய்ச் சேர்ந்தார். அவரைப் போல உடுத்தச் சொல்லவில்லை, எனக்கே அந்தத் துணிச்சல் கிடையாது. நிறத்துக்கு வயது வரம்பு இல்லை என்பதற்குத்தான் சொன்னேன்.

நடைமுறையில் ஒரு விஷயம் உண்டு. தலை நரைத்து, முகத்தின் நிறமும் கொஞ்சம் மாறிய பிறகு, முன்பு எடுப்பாக இருந்த நிறம் இப்போது முகத்தை வெளுக்கச் செய்யலாம். ஜன்னல் பக்கம் நின்று, துணியைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது முகமா, துணியா? முகம் என்றால் அந்த நிறம் உங்களுக்கானது. ரொம்பப் பிடித்த நிறம் முகத்துக்கு ஒத்துவராவிட்டால் அதைப் பாவாடையாகவோ பேன்ட்டாகவோ இடுப்புக்குக் கீழே தள்ளிவிடலாம்.

இன்னொன்று. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சள் பூத்துப்போகும். அதனால் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் ஜோடி சேர்த்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகு, ஒரு கால் சாக்ஸ் நீலம், மற்றது கறுப்பு என்று பேத்தி கண்டுபிடித்த கதை என்னிடம் உண்டு. பகல் வெளிச்சத்திலேயே ஜோடி பிரித்து வைத்துவிடுங்கள்.

எடை கூடவில்லை. ஆனாலும் பழைய உடை எதுவும் சரியாக உட்காரவில்லையே, ஏன்?

எடை அப்படியே இருந்தாலும் உடம்பின் வடிவம் மாறிவிடுகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு சராசரியாகப் பத்து வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறைகிறது. முதுகெலும்பின் இடையில் உள்ள வட்டுகள் தட்டையாவது ஒரு காரணம். மேல்முதுகு லேசாக வளைந்து தோள் முன்னுக்கு வருகிறது. இடுப்பு பருக்கிறது, பின்பக்கம் வற்றுகிறது, மார்பு இறங்குகிறது.

இதெல்லாம் சேர்ந்து உடையில் என்ன செய்யும் தெரியுமா? முதுகு வளைந்தால் சட்டையின் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்பக்கம் தொங்கும், கழுத்து பின்னால் இழுத்துத் தொண்டையைப் பிடிக்கும். பலர் இதற்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது தோள் தையல் கைக்கு இறங்கி, உடம்பே சாக்குக்குள் போன மாதிரி ஆகிவிடும். தைத்துப் போடுபவராக இருந்தால் முதுகுப் பக்கத்தில் மட்டும் நீளம் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு சென்டிமீட்டர் கூட்டினாலே வித்தியாசம் தெரியும். மார்புக்கு வைக்கும் பிடிப்பையும் இறக்கச் சொல்லுங்கள். ஆயத்த ஆடை என்றால் தோள் அளவு சரியாக இருப்பதை எடுத்து, இடுப்புப் பக்கம் பிரித்துவிடுவது நல்லது. தோளைச் சரிசெய்வது கஷ்டம், இடுப்பைச் சரிசெய்வது சுலபம்.

பழைய அளவுச் சட்டையைக் கொடுத்து "இதே மாதிரி" என்று தைக்கச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது பத்து வருஷத்துக்கு முந்தைய உங்களுக்குத் தைத்தது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணாடி முன் நின்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். நாம் நாள் முழுக்க நிற்பதா செய்கிறோம்? உட்காருங்கள், வயிற்றில் நாடா வெட்டுகிறதா பாருங்கள். குனிந்து செருப்பை எடுப்பதுபோல் பாவனை செய்யுங்கள். கழுத்து எவ்வளவு திறக்கிறது, முதுகு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் தூக்கி மேல் தட்டில் எதையோ எடுப்பதுபோல் நீட்டுங்கள். ஒரு படி ஏறுவதுபோல் காலைத் தூக்குங்கள். இந்த நாலையும் தாண்டினால் மட்டும் கண்ணாடியைப் பார்த்தால் போதும். அழகாக இருந்தும் உட்கார்ந்தால் இறுக்கும் உடையை நாம் இரண்டாவது தடவை போடுவதில்லை.

அப்புறம், யார் உதவியும் இல்லாமல் அதைக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். முதுகுப் பக்கம் ஜிப் வைத்த உடையில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டு, வீட்டில் ஆள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில்தானே இருக்கிறோம், பழசு எதையாவது போட்டுக்கொண்டால் என்ன?

நானும் அப்படித்தான் இருந்தேன். வெளியே போட முடியாதபடி சாயம் போனது, வீட்டுக்கு. வீட்டுக்கும் ஆகாதது, இரவுக்கு. கணக்குப் பார்த்தால் வாரத்தில் ஆறு நாள் நான் உடுத்தியதெல்லாம் என்னிடம் இருந்தவற்றிலேயே மோசமான உடைகள். நல்லவை அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தன. இது என்ன நியாயம் என்று ஒருநாள் தோன்றியது.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டு உடைதான் நம்மைக் கீழே தள்ளுகிற உடை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதால் இறக்கிறார்கள்; அதில் அதிகம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நான் விழுந்தது மாடிப்படியில். இரண்டு கையிலும் துணிக்கூடை, காலைத் தடவும் நீளத்தில் நைட்டி. முன்பக்கத்தை மிதித்துக்கொண்டு நாலு படி உருண்டேன். அன்று மாலையே எல்லா நைட்டியையும் எடுத்து, கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரத்துக்கு மடித்துத் தைத்தேன். உங்கள் நைட்டி துவைத்துத் துவைத்துத் தொங்கிப்போயிருந்தால் இன்றைக்கே அளந்து பாருங்கள்.

அடுப்படி அடுத்த ஆபத்து. தொங்கும் கை, தோளில் போட்ட துண்டு, முன்னால் அவிழ்ந்து கிடக்கும் நாடா, மூன்றுமே தீயைத் தொடக்கூடியவை. தளர்ந்த மெல்லிய பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். சமைக்கும்போது முழங்கையோடு நிற்கும் கை, உடம்போடு ஒட்டிய வடிவம், இவைதான் சரி.

மூன்றாவது, பாக்கெட். இது நான் சண்டை போடும் விஷயம். வீட்டில் தனியாக இருப்பவர் விழுந்துவிட்டால் கைபேசி அடுத்த அறை மேஜையில் இருந்து என்ன பயன்? வீட்டு உடையில் கைபேசி முழுதாக இறங்கும் ஆழத்தில் ஒரு பாக்கெட் கட்டாயம் வேண்டும். ஆயத்த நைட்டியில் இல்லாவிட்டால் பக்கத் தையலைப் பிரித்து வைத்துத் தைப்பது அரைமணி வேலை. துணி மெல்லியதாக இருந்தால் பாக்கெட் கனத்தில் ஒரு பக்கமாக இழுக்கும். அதற்கு, பாக்கெட் பையின் மேல்முனையை இடுப்பில் ஒரு நாடாவோடு சேர்த்துத் தைத்துவிட்டால் கனம் இடுப்புக்குப் போய்விடும்.

சரி, நைட்டிதான் போடவேண்டுமா? இல்லை. தளர்ந்த பேன்ட்டும் தொடை வரை வரும் மேல்சட்டையும் போட்டுப் பாருங்கள். படியேற வசதி, யாராவது கதவைத் தட்டினால் ஓடிப்போய் மேலே எதையும் போர்த்தவும் வேண்டாம். நான் இப்போது பகலுக்கு அது, இரவுக்கு நைட்டி என்று பிரித்துவிட்டேன். காலையில் உடை மாற்றினால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கிறது.

வீட்டுக்குள் காலில் எதுவும் போடாமல் இருப்பதுதானே நல்லது?

பிடிமானத்துக்கு அதுதான் நல்லது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வயதானவர்கள் வெறுங்காலோடோ வெறும் சாக்ஸோடோ வீட்டுக்குள் நடக்கும்போது அதிகமாக விழுகிறார்கள் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. வழவழப்பான தரையில் சாக்ஸ் என்பது சறுக்குமரம். பின்பட்டை இல்லாத செருப்பும் அப்படியே. அது கழன்றுவிடாமல் இருக்க நாம் அறியாமலே விரல்களால் பிடித்துக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்போம். தேய்த்து நடந்தால் கால்மிதி விளிம்பே போதும் தடுக்க.

வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலைச் சுற்றி வரும் பட்டை, மேலே வெல்க்ரோ, அடியில் வரிவரியான ரப்பர். குதி உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குள். மெத்தென்ற கனத்த அடிப்பாகம் சுகமாக இருக்கும், ஆனால் தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. மெல்லிய, கொஞ்சம் உறுதியான அடிப்பாகம்தான் சமநிலைக்கு நல்லது.

கால் அளவும் மாறும். தசைநார் தளர்ந்து பாதம் அகலமாகிறது, வளைவு இறங்கி நீளமும் கூடுகிறது. "நான் எப்பவும் ஆறுதான்" என்று சொல்லிக்கொண்டு ஐம்பது வயதில் எடுத்த அளவையே கேட்காதீர்கள். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய், நின்றபடி அளந்து, பெரிய காலுக்கு ஏற்றபடி வாங்குங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தையல் முண்டு இல்லாத, மேல்பட்டை இறுக்காத, வெளிர் நிறச் சாக்ஸ் போடுவது நல்லது. காலில் புண் வந்து கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும். உணர்ச்சி குறைந்த காலுக்கு வலி தெரியாது.

எந்தத் துணி நல்லது? எல்லோரும் பருத்தி என்கிறார்களே?

வீட்டுக்குப் பருத்தி. பயணத்துக்கு, நான் சொன்னால் அடிக்க வருவீர்கள், பருத்தி மட்டும் போதாது.

பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் பருத்தி உடம்புக்கு இதமாக இருக்கிறது, அதனால்தான் காயவும் நேரமாகிறது. இரவில் துவைத்துப் போட்டால் காலையில் மடிப்புகளில் ஈரம் நிற்கும். பயணத்துக்குப் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது வசதி: கசங்காது, சீக்கிரம் காயும், உடம்பையும் உறுத்தாது. லினன் குளிர்ச்சி, உறுதி. ஆனால் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். அந்தக் கசங்கலே அழகு என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு நல்லது. ரேயான் வழிந்து விழும் அழகுக்கு ஈடில்லை, ஆனால் நனைந்தால் பலம் குறையும், முறுக்கிப் பிழிந்தால் போய்விடும், முதல் துவைப்பில் சுருங்கும். தைக்கும் முன் ஒருதரம் நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

குளிருக்கு மெரினோ கம்பளி. மெல்லியது, குத்தாது, நாலு நாள் போட்டாலும் வாடை வராது. துவைக்க மட்டும் வெந்நீர் கூடாது.

லைக்ரா நூற்றுக்கு மூன்று நாலு பங்கு கலந்திருந்தால் உட்கார எழுந்திருக்க இளகிக் கொடுக்கும். ஜோசஃப் ஷிவர்ஸ் என்பவர் டூபான்ட் நிறுவனத்தில் 1958இல் கண்டுபிடித்த நூல் இது. என் முட்டி சார்பில் அவருக்கு ஒரு கும்பிடு. சூட்டில் அது செத்துப்போகும். சூடான உலர்த்தியிலும் கொதிக்கும் இஸ்திரியிலும் காட்டாதீர்கள்.

வயதான தோல் மெலிந்து எண்ணெய்ப்பசை குறைந்திருக்கும் என்பதால் கழுத்துப்பட்டைச் சீட்டும் தையல் முண்டும்கூட உரசிப் புண்ணாக்கும். சீட்டை வெட்டும்போது நுனி குத்தாமல் தையலோடு ஒட்ட வெட்டுங்கள். பழைய டி-ஷர்ட்டைத் தையல் வெளியே வரும்படி புறம்திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்குபவள் நான். யார் பார்க்கப் போகிறார்கள்?

திடீரென்று உடம்பெல்லாம் பற்றி எரிகிறது, அடுத்த பத்து நிமிஷத்தில் குளிர்கிறது. என்ன போடுவது?

மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூட்டலை இது. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் தொடங்கினாலும் பலருக்கு ஏழெட்டு வருஷம் நீடிக்கும், சிலருக்கு அறுபது தாண்டியும் வரும். அது ஓய்ந்த பிறகு இன்னொரு கட்டம்: தோலுக்கடியில் கொழுப்பு குறைந்து எப்போதும் குளிர்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கனமான ஒன்றைவிட மெல்லிய இரண்டு. உள்ளே கையில்லாத பருத்தி, மேலே முன்பக்கம் முழுதாகத் திறக்கும் சட்டையோ மெல்லிய ஸ்வெட்டரோ. தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டரை மறந்துவிடுங்கள். சூடு ஏறும்போது தலைமுடி கலைந்து கண்ணாடி கீழே விழ, நாலு பேர் முன் அதோடு மல்லுக்கட்ட முடியாது. கழுத்தை ஒட்டிய காலரும் வேண்டாம்.

விரல் மூட்டு வலியால் பட்டன் போட முடியவில்லை.

சின்னப் பட்டனை வெட்டிவிட்டு, பெரியதாக, நடுவில் குழியுள்ளதாக மாற்றித் தையுங்கள், துளையையும் பெரிதாக்கவேண்டும். பட்டனை நூலால் கொஞ்சம் உயர்த்தித் தைத்தால் விரல் பிடிக்க இடம் கிடைக்கும். இன்னொரு தந்திரம்: இருக்கும் பட்டன்களை அப்படியே மூடிய நிலையில் துளையின் மேல் தைத்துவிட்டு, உள்ளே வெல்க்ரோ வைப்பது. பார்ப்பவருக்குப் பட்டன் சட்டை, உங்களுக்குக் கிழித்தால் திறக்கும். வெல்க்ரோவை யோசித்தவர் ஜார்ஜ் த மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர். 1941இல் நாயோடு காட்டுக்குப் போய் வந்தபோது, துணியில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்து வந்த யோசனை. துவைக்கும்போது மூடிப் போடாவிட்டால் மற்றத் துணியையெல்லாம் பிறாண்டிவிடும்.

ஜிப் இழுப்பானில் ஒரு சாவி வளையம் மாட்டினால் விரலை விட்டு இழுக்கலாம்.

காந்தப் பட்டன் வைத்த சட்டைகளும் வருகின்றன. வசதிதான். ஆனால் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத்தை அதிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளி வைக்கவேண்டும். சட்டையில் அது நடக்காது. ஆகவே வேண்டவே வேண்டாம்.

ஒரு தோளைத் தூக்க முடியவில்லை. உடை மாட்டுவதே போராட்டம்.

வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். இதே விதிதான் காலுக்கும். பேன்ட் போடும்போது நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நுழைத்துவிட்டு அப்புறம் எழுந்து மேலே இழுங்கள். ஒற்றைக்காலில் நின்று நுழைக்கும் வித்தையெல்லாம் போதும்.

பிரா கட்டாயம் போடவேண்டுமா?

வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம். மார்பு கனமாக இருந்து தோளும் கழுத்தும் வலித்தால் ஆதரவு தேவைப்படும்; அப்போது அகலப் பட்டை, கம்பி இல்லாதது, முன்பக்கம் கொக்கி. கனத்தைத் தாங்கவேண்டியது மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டை, தோள்பட்டை இல்லை. தோளில் பள்ளம் விழுந்தால் சுற்றுப்பட்டை லூஸ் என்று அர்த்தம். இல்லையென்றால், வீட்டில் போட, உட்புறம் இரட்டைத் துணி வைத்த கையில்லாத பனியன் போதும். நான் அப்படித்தான்.

சிறுநீர் கசிகிறது. வெளியே போகவே பயமாக இருக்கிறது.

இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, தனியாக வந்துதான் கேட்கிறார்கள். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், வயதானால் இப்படித்தான் என்று சகித்துக்கொள்ளவேண்டியதில்லை. பலருக்கு இடுப்படித் தசைப் பயிற்சியிலேயே குறையும்.

உடையில் செய்யக்கூடியது: ஒரே இழுப்பில் இறங்கும் எலாஸ்டிக் இடுப்பு. நாடா முடிச்சும் பெல்ட்டும் அவசரத்துக்கு எதிரிகள். கறுப்பு, கருநீலம், அல்லது நெருக்கமான பூவேலை உள்ள கீழாடையில் ஈரம் தெரியாது. வெளிர் சாம்பல்தான் உடனே காட்டிக்கொடுக்கும். மேல்சட்டை தொடை வரை இருக்கட்டும். துவைத்துப் போடக்கூடிய உறிஞ்சும் உள்ளாடைகள் இப்போது கிடைக்கின்றன, பார்க்கச் சாதாரண உள்ளாடை போலவே இருக்கும். கைப்பையில் ஒரு மாற்றும் மூடும் பையும்.

நான் புடவையைத் தவிர எதுவும் கட்டியதில்லை. பயணத்துக்காக மாறவேண்டுமா?

மாறவேண்டாம். புடவையிலேயே பயணத்துக்கானதும் ஆகாததும் உண்டு. கஞ்சி போட்ட பருத்தி இரண்டு மணி நேரத்தில் துவண்டுவிடும். மெல்லிய கிரேப்பும் பருத்திக் கலவையும் கசங்காமல் வரும். கொசுவம் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும். நகரும் படிக்கட்டில் ஏறும்போது முன்கொசுவத்தையும் முந்தானையையும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். உள்பாவாடையின் நாடா ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் அழுத்தினால் தோல் கறுத்துத் தடித்துவிடும். அகல எலாஸ்டிக் பட்டை வைத்ததற்கு மாறினால் இடுப்பு நன்றி சொல்லும். உள்பாவாடையிலேயே ஜிப் வைத்த பாக்கெட் தைத்துக்கொண்டால் பாஸ்போர்ட்டுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது, என்ன, எடுத்துக் காட்டும்போது கொஞ்சம் ஒதுங்கவேண்டும்.

வேறு உடை ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசை, கூச்சம்தான் தடை என்றால், தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊருக்குப் போகும் பயணமே அதற்கு நல்ல சமயம்.

நீண்ட விமானப் பயணத்துக்கு என்ன உடுத்துவது?

இறுக்கம் இல்லாத பேன்ட், முன்பக்கம் திறக்கும் மேலாடை, ஒரு பெரிய சால்வை. சால்வை போர்வையாகும், சுருட்டினால் இடுப்புக்குத் தலையணையாகும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். காற்றும் பாலைவனம்போல வறண்டிருக்கும். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதால் பாதம் வீங்கும். லேஸோ வெல்க்ரோவோ உள்ள ஷூவாக இருந்தால் தளர்த்திக்கொள்ளலாம். ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கினால் இறங்கும்போது உள்ளே போகாது! மோதிரத்தையும் ஏறும் முன்பே கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரோடு போராடவேண்டும்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. முழங்கால் வரை வரும் அழுத்தச் சாக்ஸ் உதவும். பயணத்துக்கு 15 முதல் 20 mmHg அழுத்தம் என்று அட்டையில் போட்டிருக்கும். ஆனால் காலுக்கு ரத்தம் போகும் குழாயிலேயே அடைப்பு உள்ளவர்களுக்கு இது கெடுதல். சர்க்கரைக்காரர்களும் கேட்காமல் போடக்கூடாது. மேல்விளிம்பு சுருண்டு கயிறுபோல இறுக்கினால் போடாததே மேல். காலையில், வீக்கம் வரும் முன்பே மாட்டிவிடுங்கள். ரப்பர் கையுறை போட்டு இழுத்தால் சுலபமாக ஏறும்.

பாதுகாப்புச் சோதனையில் என் முட்டி எப்படியும் சத்தம் போடும். அதனால் மற்ற உலோகத்தையாவது குறைத்துக்கொள்கிறேன். கம்பி பிரா, பெரிய பக்கிள், சங்கிலி வைத்த பெல்ட், ஊக்குகள் எதுவும் கிடையாது. ஒருமுறை தடவிப் பார்த்த பெண் புடவை முழுக்க பதினொரு ஊக்கு எடுத்தாள். முட்டிக்குமேல் சுலபமாகச் சுருட்டக்கூடிய பேன்ட் என்றால், கேட்டால் தழும்பைக் காட்டுவது சுலபம்.

ஒரு வாரத்துக்கு எத்தனை உடை எடுத்துப் போவது?

மூன்று மேலாடை, இரண்டு கீழாடை. எதையும் எதோடும் போடலாம் என்றால் ஆறு ஜோடி. அதற்கு, கீழாடை இரண்டும் அடக்கமான ஒற்றை நிறமாக இருக்கவேண்டும். பூவும் கட்டமும் மேலே போகட்டும். உள்ளாடை நாலு. மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, சால்வை ஒன்று, தூங்க ஒன்று. பெட்டியில் கனமானது ஷூ. அதைக் காலில் போட்டுக்கொண்டு, லேசான செருப்பைப் பெட்டியில் வையுங்கள். புதுச் செருப்பைப் பயணத்தில்தான் முதன்முதலாகப் போடுவேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

இரவில் துவைத்ததைக் காய்ந்த துண்டில் விரித்துச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதித்துவிட்டுத் தொங்கவிட்டால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். சமநிலை போதாதவர்கள் உட்கார்ந்துகொண்டு மிதிக்கலாம். முதல் நாளுக்கான உடை, மருந்து, ஒரு உள்ளாடை கைப்பையில் இருக்கவேண்டும். பெட்டி வேறு ஊருக்குப் போய், நான் மூன்று நாள் மருமகளின் சட்டையில் திரிந்திருக்கிறேன். அவள் என்னைவிட ஒரு முழம் உயரம்.

வெயிலுக்கு?

மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் நாம் நினைக்கும் அளவுக்கு வெயிலைத் தடுக்காது. நனைந்தால் இன்னும் மோசம். துணியின் நெருக்கம்தான் முக்கியம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்தப் பக்கம் தெரிந்தால் வெயிலுக்கும் வழி தெரியும். யுபிஎஃப் 50 என்று போட்ட துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். தொப்பியின் விளிம்பு சுற்றிலும் ஏழெட்டு சென்டிமீட்டர் இருந்தால் காதும் பிடரியும் நிழலில் இருக்கும்.

இருட்டியபின் நடக்கப் போகிறவர்கள் வெளிர் நிறம் போடுங்கள், கறுப்பில் நீங்கள் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள்.

ஷால், துப்பட்டா, நகை?

கழுத்துச் சுருக்கத்தை மறைக்க ஷால் போடுங்கள் என்பார்கள். மறைக்க என்ன இருக்கிறது? அழகுக்கும் குளிருக்கும் போடுங்கள். நீளமான நுனிகளை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் இறந்தது, கழுத்தில் சுற்றிய நீண்ட ஷால் கார்ச் சக்கரத்தில் சிக்கியதால்தான். இருசக்கர வண்டியின் பின்னால் உட்காருபவர்கள் துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கனமான தோடு காதுத் துளையை இழுத்துக் கிழிக்கும். பெரிதாகத்தான் வேண்டும் என்றால் மரத்திலோ துணியிலோ செய்தது லேசாக இருக்கும்.

இந்த வயதில் ஜீன்ஸ்?

ஓ, போடுங்கள். இளகும் துணியாக, இடுப்பு உயரமாக.

மகள் வாங்கித் தருவது எனக்குப் பிடிப்பதில்லை. சொன்னால் வருத்தப்படுகிறாள்.

அவள் வாங்குவது அவளுடைய பழைய அம்மாவுக்கு, அல்லது விளம்பரத்தில் வரும் பாட்டிக்கு. "நீளம் இத்தனை, கழுத்து இப்படி, பாக்கெட் இருக்கணும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். என் மகளிடம் நான் அதைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் போட்டுக்கொள்ளக்கூடியவை, நிறம் மட்டும் அவள் இஷ்டம். அதில் இரண்டு நிறங்கள் நானாக எடுத்திருக்கவே மாட்டேன், இப்போது அவைதான் என்னிடம் அதிகம் துவைபடுகின்றன.

அலமாரி நிறைய இருக்கிறது, போட ஒன்றும் இல்லை. எதைக் கழிப்பது?

எல்லா ஹேங்கரையும் கொக்கி உங்கள் பக்கம் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். ஒன்றை உடுத்தித் திரும்ப வைக்கும்போது சரியான பக்கம் மாட்டுங்கள். எல்லாப் பருவமும் ஒருமுறை வந்து போகட்டும். ஒரு வருஷம் கழித்தும் திரும்பாத ஹேங்கர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். நினைவுக்காக வைத்திருப்பதைக் கழிக்கச் சொல்லமாட்டேன்; ஆனால் அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், தினமும் கைபடும் இடத்தில் அது எதற்கு? என் அலமாரியில் திரும்பாமல் நின்றவை பதினேழு. பதினாறைக் கொடுத்துவிட்டேன். ஒன்றை வெட்டி, மேலே சொன்ன பாக்கெட்டுகளாகத் தைத்துக்கொண்டேன்.